மலை வீட்டில் டவர் ஸ்பீக்கர்: இடமும் உயரமும் பார்த்து நிறுத்துவது எப்படி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் டவர் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். கோயம்புத்தூரில் கடையில் கேட்டபோது பாடகர் எதிரே நின்று பாடினார், வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் பேஸ் எல்லாம் ஒரே உறுமலாக இருக்கிறது, குரல் எங்கேயோ முழங்கால் உயரத்தில் இருந்து வருகிறது என்று. உடனே ஆம்ப் போதவில்லை, கேபிள் மாற்ற வேண்டும் என்று அடுத்த செலவில் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள். அளவு டேப், மேஸ்திரி வைத்திருக்கிற மாதிரி ஒரு ரசமட்டம், ஸ்பைக்கின் (பெட்டிக்கு அடியில் திருகுகிற கூர்முனைக் காலின்) லாக் நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர், மாஸ்கிங் டேப் ஒரு சுருள், கூட ஒரு ஆள், இவ்வளவு போதும். பத்து காசு செலவில்லாமல் கிடைக்கிற மாற்றம் எந்தக் கேபிளிலும் கிடைக்காது.

எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். தரை, உட்காரும் இடம், சுவர் தூரம், கடைசியில் உயரமும் சாய்வும். உயரத்தை முதலில் சரி செய்துவிட்டுப் பிறகு பெட்டியை அரை அடி நகர்த்தினால், தரை மேடு பள்ளத்தில் செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

தரை என்ன தரை என்று பாருங்கள்

மலையில் வீட்டுக்கு வீடு தரை வேறு. பழைய பங்களாக்களில் விட்டங்கள் மேல் பலகை அடித்திருப்பார்கள், அடியில் ஈரம் ஏறாமல் இருக்கக் காற்று போக வெற்றிடம் விட்டிருப்பார்கள். மற்ற வீடுகளில் ரெட் ஆக்சைடு, மொசைக், டைல்ஸ், எஸ்டேட் லைன் வீடுகளில் வெறும் சிமெண்ட். ஸ்பீக்கர் நிற்கப் போகிற இடத்தில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதியுங்கள். கால்தான் வலித்தது, வேறு சத்தமே இல்லை என்றால் கெட்டித் தரை. 'தொம்' என்று ஒரு சத்தம் வந்து ஷோகேஸ் கண்ணாடி சிலிர்த்தால் அந்தத் தரையே ஒரு பெரிய தோல் கருவி, உங்கள் வூஃபர் (தாழ்ந்த ஒலி தருகிற பெரிய கூம்பு) அதை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும்.

கெட்டித் தரையில் பிரச்சினை குறைவு. பெட்டியோடு வந்த ஸ்பைக்கை மாட்டி, டைல்ஸ் கீறாமல் இருக்க அடியில் உலோகத் தட்டு வைத்து, நான்கு முனையும் தரையைத் தொடும்படி சமப்படுத்தினால் போதும். பலகைத் தரையில்தான் யோசிக்க வேண்டும். அங்கே ஸ்பைக்கை நேராகப் பலகையில் குத்தினால் பெட்டியின் அதிர்வு பலகைக்குப் போகும், பலகை தன் பங்குக்குப் பாடும், 80 முதல் 150 ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாம் கலங்கி ஒலிக்கும். இதற்கு நான் சொல்வது கடப்பா கல். கிச்சன் மேடைக்குப் போடுகிற அதே கல்தான். 40க்கு 40 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி வாங்கினால் ஒரு துண்டு பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். கிரானைட் கடைகளில் சிங்க் வைக்க வெட்டி எடுத்த துண்டு சும்மா கிடக்கும், கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். கல்லுக்கு அடியில் வாஷிங் மெஷினுக்கு வைக்கிற கெட்டி ரப்பர் துண்டு நான்கு, கல்லுக்கு மேல் ஸ்பைக்கோடு ஸ்பீக்கர். கல்லின் எடையும் ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்து அதிர்வு பலகைக்கு இறங்குவதைக் குறைக்கும்.

பலகையில் ஆணி வரிசையைப் பாருங்கள், அந்த வரிசைக்கு அடியில்தான் விட்டம் ஓடுகிறது. கல்லை விட்டத்தின் மேல் வருகிற மாதிரி வைத்தால் இன்னும் உறுதி. நடுப் பலகையில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊரில் வராண்டாவைக் கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கிய வீடுகள் ஏராளம். வராண்டாத் தரை மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காக வாட்டம் வைத்துப் போட்டது. கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வைத்தால் தெரியும். அந்த வாட்டத்திலேயே பெட்டியை நிறுத்தினால் இரண்டு ட்வீட்டரும் (மேல் ஒலி தருகிற சின்ன வட்டம்) உங்களைக் கேட்காமலே வேறு திசை பார்த்துக்கொண்டிருக்கும்.

உட்காரும் இடம்

பெட்டியை நகர்த்துவதற்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள். எல்லா அறைக்கும் அதன் நீள அகல உயரத்துக்கு ஏற்பச் சில அதிர்வெண்கள் ஊதிப் பெருகும், கணக்கு எளிது: 340ஐ, அதாவது ஒலி நொடிக்கு ஓடுகிற மீட்டரை, அறை நீளத்தின் இரு மடங்கால், மீட்டரில், வகுத்தால் முதல் எண் வந்துவிடும். நம் கான்கிரீட் வீடுகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 12க்கு 12 அடி ஹாலில் அது சுமார் 46 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் அந்த 46 இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். 10 அடி உயரத்துக்கு 56 வரும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41, அதற்கு அடுத்தது 55. அதனால்தான் இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரிகளில் எல்லா ஸ்வரமும் ஒழுங்காக நடந்துவந்து ஏதோ ஒரு ஸ்வரத்தில் மட்டும் அறையே விம்முகிறது. அது ஆம்ப் கோளாறு இல்லை, அறையின் கணக்கு.

இந்த முதல் எண் சுவரோரத்தில் மிக அதிகமாகவும் அறையின் சரிபாதியில் மிகக் குறைவாகவும் கேட்கும். ஆகவே உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் தலையை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் மூட்டமாக இருக்கும், நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையில், பின்னால் மூன்றில் ஒரு பங்கு விட்டு உட்காருவது நல்ல தொடக்கம். 12 அடி அறையில் அவ்வளவு விட முடியாது என்பது எனக்கும் தெரியும், ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மீட்டராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டவரில் இருக்கிற மூன்று நான்கு டிரைவர்களும் (வூஃபர், ட்வீட்டர் என்று ஒலி எழுப்புகிற பாகங்கள்) ஒன்றாகச் சேராமல் தனித்தனியாகவே காதில் விழும். அப்போது பின்னால் இரண்டரை அடி விட்டாலும் போதும். தலைக்குப் பின் இருக்கிற சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது.

மலை மேல் காற்று லேசு, ஒலியின் வேகம் மாறாதா என்று சிலர் கேட்பார்கள். ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, உயரம் இல்லை. 30 டிகிரியில் நொடிக்கு 349 மீட்டர் என்றால் 10 டிகிரியில் 337. இந்த வித்தியாசத்துக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சுவரிலிருந்து எவ்வளவு தூரம்

வூஃபருக்குத் தரை எப்படியும் பக்கத்தில் இருக்கிறது. பின்சுவரை, அதாவது பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரை, ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி இன்னும் 6 டெசிபல் வரைக்கும் கூடும், மூலையில் தள்ளினால் 12 வரைக்கும். கருங்கல் சுவர் உள்ள பங்களாவில் அந்தச் சத்தம் சுவர் வழியாக வெளியேயும் போகாது. ஆனால் பலகைத் தரை, பலகை மச்சு இருக்கிற அறை தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் குடித்துவிடும், ஆகவே அங்கே சுவருக்குக் கொஞ்சம் கிட்டே வைக்கலாம். கான்கிரீட் அறையில் அந்தச் சலுகை கிடையாது, தள்ளித்தான் வைக்க வேண்டும்.

தொடக்க இடம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு, அதற்கு உங்கள் குரலே போதும். அந்தப் பின்சுவரில் முதுகை ஒட்டி நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மெதுவாக முன்னால் நடந்து வாருங்கள். சுவரோரம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஓரிடத்தில் அந்தக் கனம் விட்டுப்போய் உங்கள் குரல் உங்கள் குரலாக ஒலிக்கும். கேட்கிற நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து கவனித்தால் இன்னும் துல்லியமாகச் சொல்வார். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பக்கச் சுவரிலிருந்தும் இதே மாதிரி நடந்து இன்னொரு டேப். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பெட்டியின் முன்பக்கம் வரட்டும்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. வூஃபருக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நேர் ஒலியை அழிக்கும். 85ஐ அந்தத் தூரத்தால், மீட்டரில், வகுத்தால் அது எங்கே என்று தெரியும். 60 சென்டிமீட்டர் என்றால் 140 ஹெர்ட்ஸ் சுமார், ஒரு மீட்டர் என்றால் 85. தரையும் பக்கச் சுவரும் இதே மாதிரி பள்ளம் போடும், ஒலி சாய்வாகப் பட்டு வருவதால் எண் மட்டும் மாறும். இந்த மூன்று தூரமும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். வூஃபர் தரையிலிருந்து 40, பக்கச் சுவரிலிருந்து 65, பின்சுவரிலிருந்து 95 என்று இருந்தால் பள்ளங்கள் தனித்தனியாகப் பிரிந்து சிறிதாகிவிடும். மூன்றும் 60 என்றால் ஒரே இடத்தில் பெரிய குழி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கம்மென்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தட்டல் மட்டும் கேட்கும்.

இனி ஐந்து ஐந்து சென்டிமீட்டராக நகர்த்திக் கேளுங்கள், சரியான இடம் நெருங்கியதும் இரண்டு இரண்டாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒரே பாட்டு, ஒரே வால்யூம். இரண்டு ட்வீட்டரிலிருந்தும் காதுக்கு இருக்கிற தூரம் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒன்றாக இருக்கட்டும், டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள், கண் மதிப்பு போதாது. பெட்டிகளுக்கு இடையே உள்ள தூரமும் காதுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமம் என்று தொடங்கி, நடுவில் குரல் கெட்டியாக நிற்கும் வரை பெட்டிகளை உள்பக்கமாகத் திருப்புங்கள்.

லைன் வீடு மாதிரி சின்ன அறையில் தள்ளி வைக்கவே வழியில்லை என்றால், பின்னால் போர்ட் (காற்று போய்வருகிற துளை) உள்ள பெட்டிக்கு அந்தத் துளையில் ஒரு சாக்ஸைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். பேஸ் அளவு குறையும், ஆனால் தெளியும். கணப்பு அடுப்பின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைப்பது பார்க்க அழகு, ஆனால் நெருப்பு போடுகிற வீடாக இருந்தால் வேண்டாம். பெட்டியின் வெனீரும் வூஃபரின் ரப்பர் விளிம்பும் அந்தச் சூட்டைத் தாங்காது.

உயரமும் சாய்வும்

இதைத்தான் யாரும் செய்வதில்லை, எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயமும் இதுதான். இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியவர்கள் ஸ்பைக்கைப் பெட்டியில் கண்டபடி முறுக்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான டவர்களில் ட்வீட்டர் தரையிலிருந்து 85 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் காதும் அங்கேதான் இருக்கும். ஆனால் குளிருக்கு இதமாகப் புதைந்து உட்காருகிற சோபாவில் சாய்ந்தால் காது 80, 85க்கு இறங்கிவிடும். இந்தப் பத்து சென்டிமீட்டர் ஏன் பெரிய விஷயம் என்றால், ட்வீட்டரும் அதற்குப் பக்கத்து டிரைவரும் வேலையைப் பிரித்துக்கொள்கிற இடம் பல பெட்டிகளில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அங்கே ஒலி அலையின் நீளமே 11 முதல் 17 சென்டிமீட்டர்தான். காது மேலேயோ கீழேயோ போனால் ஒரு டிரைவருக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூர வித்தியாசம் மாறி, அந்தப் பகுதி ஒன்றோடொன்று மோதி வற்றிப்போகும். பாட்டில் சொற்கள் புரிகிற பகுதி அது. வீணையின் மீட்டு விழுகிற கூர்மையும் அதற்குள்தான்.

சோதனை இப்படி: பிங்க் நாய்ஸ் என்று தேடினால் மழைச் சத்தம் மாதிரி ஒரு ஒலிக்கோப்பு கிடைக்கும், அதை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓடவிடுங்கள். வழக்கமாக உட்காருகிற இடத்தில் நின்றுகொண்டு மெதுவாக, மிக மெதுவாக உட்காருங்கள். இறங்க இறங்க இரைச்சலின் நிறம் மாறுவது தெளிவாகக் கேட்கும். ஓர் உயரத்தில் அது ஒரே துணியாக, ஓட்டை இல்லாமல் இருக்கும். அந்த உயரத்தைக் கூட இருப்பவர் டேப்பில் அளக்கட்டும். அதுதான் உங்கள் பெட்டியின் உண்மையான அச்சு. பெட்டியோடு வந்த கையேட்டிலும் பாருங்கள், சில பெட்டிகள் ட்வீட்டர் உயரத்தில் கேட்பதற்கு, சில அதற்குச் சற்றுக் கீழே கேட்பதற்கு என்று செய்யப்பட்டவை.

அளந்த உயரத்துக்கும் சோபாவில் காது இருக்கிற உயரத்துக்கும் வித்தியாசம் இருந்தால், அதை ஸ்பைக்கில் சரிசெய்யலாம். முன் ஸ்பைக்குக்கும் பின் ஸ்பைக்குக்கும் இடையே 30 சென்டிமீட்டர், காது 3 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். 3 மீட்டர் என்பது 30 சென்டிமீட்டரின் பத்து மடங்கு, ஆகவே முன்பக்கம் தூக்குகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் காதருகே ஒரு சென்டிமீட்டர் உயர்வாக மாறும். எம்8 திருகில் ஒரு முழுச் சுற்று 1.25 மில்லிமீட்டர், எம்6 என்றால் ஒரு மில்லிமீட்டர். அதாவது முன் ஸ்பைக் இரண்டையும் எம்8இல் எட்டுச் சுற்றுச் சுற்றினால் பெட்டி ஒரு சென்டிமீட்டர் எழும்பி, அச்சு காதருகே 10 சென்டிமீட்டர் மேலே போகும். காது தாழ்ந்திருந்தால் இதற்கு எதிர், பின் ஸ்பைக்கைத் தூக்கி முன்னால் கவிழ்க்க வேண்டும். எட்டுச் சுற்றும் ஒரேயடியாகப் போகாமல் இரண்டு இரண்டாகச் சுற்றி ஒவ்வொரு முறையும் அந்த இரைச்சலைக் கேளுங்கள். ரசமட்டத்தைப் பெட்டி மேல் பக்கவாட்டில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்படி இடது வலது சமமாக இருப்பதை உறுதி செய்யுங்கள். ஸ்பைக்கின் மரை குறைந்தது பாதியாவது பெட்டிக்குள் இருக்கட்டும், இருபது கிலோ பெட்டி அதில்தான் நிற்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முன்னால் கவிழ்ப்பதை விட்டுவிட்டு நாற்காலியை உயர்த்துங்கள்.

சாய்க்காமல் முழுப் பெட்டியையும் தூக்குவது வேறு விஷயம். கடப்பா கல்லும் ரப்பரும் சேர்ந்து மூன்றரை சென்டிமீட்டர் தூக்கும். ட்வீட்டர் அந்த அளவு மட்டுமே உயரும், ஆனால் கீழ் வூஃபர் தரையிலிருந்து விலகுவதால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பகுதி கொஞ்சம் மெலியும். உறுமுகிற அறையில் இது வரம். ஏற்கெனவே பேஸ் மெலிந்த அறையில் கல் வேண்டாம், ரப்பர் மட்டும் போதும்.

ட்வீட்டரும் காதும் 90 சென்டிமீட்டர் சுமார், தூரம் 3 மீட்டர் என்றால் தரையில் பட்டு வருகிற ஒலி நேர் ஒலியை விட அரை மீட்டர் அதிகம் நடந்து வரும், அந்த உயரத்தில் இருக்கிற டிரைவரில் 340 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்னக் குழி விழும். நடுவில் கம்பளம் விரித்தால் மேல் ஒலிகளின் பளபளப்பு அடங்கும், இந்தக் குழி போகாது, அதற்குக் கம்பளத்தின் கனம் பற்றாது. கம்பளம் விரிப்பது நல்லதுதான், எதற்காக என்று தெரிந்து விரியுங்கள்.

எப்போது கேட்க வேண்டும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற காலையில் எழுந்ததும் இந்த வேலையில் இறங்காதீர்கள். குளிரில் வூஃபரைத் தாங்குகிற ரப்பரும் உள்ளே இருக்கிற துணி வளையமும் விறைத்திருக்கும், பேஸ் மெலிவாகத்தான் வரும். அறை சூடேறிக் கொஞ்ச நேரம் பாடிய பிறகு கேளுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை பெய்கிறபோது தாழ்ந்த ஒலி எதையும் நம்ப முடியாது. பனி மூட்டத்துக்கு ஜன்னல் அடைத்துக் கேட்பவர் அடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், திறந்த ஜன்னல் வழியாகப் பேஸ் நிறைய வெளியே போய்விடும்.

காதோடு மீட்டரும் வேண்டும் என்பவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, மினிடிஎஸ்பியின் யுமிக்-1 மாதிரி யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கிக் காது உயரத்தில் வைத்து அளக்கலாம். போன் மைக்கை பேஸுக்கு நம்பாதீர்கள், பல போன்களில் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுவார்கள். அதே மென்பொருளில் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற ஒலியை ஓடவிட்டால் வீட்டில் என்னென்ன நடுங்குகிறது என்றும் தெரிந்துவிடும். பழைய ஜன்னல்களில் லப்பம் காய்ந்து உதிர்ந்த கண்ணாடிதான் முதல் குற்றவாளி. லப்பம் புதிதாக அப்பினால் ஸ்பீக்கர் மாற்றிய மாதிரி இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் லாக் நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள், பெட்டியின் மேல் மூலையில் விரலால் தள்ளிப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது. மழைக் காலத்தில் பலகை ஊறி உப்பும், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து சுருங்கும், அதனால் பலகைத் தரைக்காரர்கள் பருவம் மாறும்போது இந்த ஆட்டத்தை மட்டும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். பின்சுவர் தூரம், பக்கச் சுவர் தூரம், முன் ஸ்பைக்கில் எத்தனை சுற்று என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள், வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் ஸ்பீக்கரை எங்கே நகர்த்தினாலும் கவலையில்லை.